யாரும் அழைக்காத பரிசோதனை

(ஆயுத பூசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜொகூர் மாநிலம் மாசாய் வட்டாரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில், ஓய்வுபெற்ற கார் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

பேச அழைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னதும், "மேடை ஏறி என்ன பேசப் போறீங்க?" என்று என் மனைவியே கேட்டார். முப்பத்திரண்டு வருடமாகக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கு எழுந்து நின்று பேசுகிறேன், அவ்வளவுதான்.

ஒரு சம்பவத்தில் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற ஒரு கோயில் வாசல். தைப்பூசத்துக்கு முந்தின நாள். ஒரு தம்பி தன் ஏழு இருக்கை வண்டியைப் பூசைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய பழைய வண்டி. மாலை போட்டாயிற்று. கண்ணாடியில் திருநீறும் சந்தனமும் இட்டாயிற்று. கடைசியாகக் குருக்கள் எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு டயருக்கு அடியில் வைக்கக் குனிந்தார். முன்பக்க இடது டயரிடம் குனிந்தவர் நிமிரவே இல்லை. "தம்பி, இங்க வாப்பா. இதுல கம்பி தெரியுது" என்றார்.

ஸ்டியரிங்கை ஒடித்த மாதிரியே வண்டியை நிறுத்தியிருந்ததால், எப்போதும் உள்ளே மறைந்திருக்கும் டயர் விளிம்பு அன்றைக்கு வெளியே தெரிந்தது. வெளிப்பக்கம் நல்ல ரப்பர், பார்ப்பதற்குப் புதிதுபோல. உள்விளிம்பு தேய்ந்து தேய்ந்து, ரப்பருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி நூல் நூலாக வெளியே வந்துவிட்டது. அன்று இரவு ஏழு பேரோடு பத்துமலைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.

ஓட்டியவர் ஆறு மாதமாகப் பார்க்கவில்லை. வாராவாரம் வண்டியைக் கழுவிய மைத்துனர் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பழத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. பழம் நசுங்கினால் திருஷ்டி கழியும் என்பது நம்பிக்கை. அதைப் பற்றி நான் வாதம் செய்ய வரவில்லை. ஆனால் வருடத்தில் ஒருநாளாவது நான்கு டயர் பக்கத்திலும் ஒரு மனிதனைக் குனிய வைக்கிறதே, அதற்காகவே அந்தச் சடங்கைக் கும்பிடலாம்.

இப்போது இன்னொன்றைச் சொல்கிறேன். நம் ஜொகூர்க் கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கரையில், சிங்கப்பூரில், ஒரு கார் பதிவாகி மூன்று வருடம் ஆனதும் அரசாங்கம் கடிதம் போடுகிறது: கொண்டு வா, பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பத்து வருடம் தாண்டிவிட்டால் வருடா வருடம். பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாம் சரியாக இருந்தால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும்.

இந்தக் கரையில்? லாரிக்கு உண்டு, பேருந்துக்கு உண்டு, டாக்சிக்கு உண்டு. நம் சொந்தக் காருக்கு, பெயர் மாற்றும்போது புஸ்பாக்கோம் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவது போன்ற சில சமயங்களை விட்டால், பரிசோதனைக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. பதினைந்து வருடக் கார் என்றாலும் சரி, இருபது வருடக் கார் என்றாலும் சரி, காப்புறுதிப் பணம் கட்டினால் சாலை வரி கைக்கு வந்துவிடும். முன்பு அந்தச் சாலை வரி வில்லையை ஒட்டவாவது முன்கண்ணாடியைத் துடைப்போம். 2023 பிப்ரவரியிலிருந்து நம் சொந்தக் கார், மோட்டாருக்கு அதை ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது.

சட்டம் மாற வேண்டுமா என்பதை வேறு மேடையில் பேசிக்கொள்ளலாம். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் ஏழைகள், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அரசாங்கம் கூப்பிடவில்லை என்றால் நம் வண்டிக்குப் பரிசோதகர் யார்? "பட்டறைக்காரர்" என்பீர்கள். நான் பட்டறைக்காரன், உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் எண்ணெய் மாற்ற வந்தால் எண்ணெய் மாற்றுவோம். பின்னால் பத்துக் கார் காத்திருக்கும். நல்ல மனிதராக இருந்தால் மற்றதையும் ஒரு பார்வை பார்ப்பார். அது அவர் குணம், உங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பத்தை ஏற்ற முடியாது.

நான் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் முதல் காரியம், கத்தியைத் துடைத்துத் தீட்டி வைப்பது. குளிப்பதுகூட அப்புறம்தான். கத்தி மழுங்கினால் வெட்டு ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தும், காயப்பட்ட மரத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்பார். ஆயுத பூசையன்று அந்தக் கத்தியும் தீட்டுக்கல்லும் சாமிப் படத்தின் முன் இருக்கும். பின்னால் ஒரு ஹோண்டா கப்சாய் மோட்டார் வாங்கினார். அந்த வருடத்திலிருந்து பூசைக்கு மோட்டாரும் சேர்ந்துகொண்டது. முதல் நாளே சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, எண்ணெய் போட்டு, பிரேக்கை இறுக்கி வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் பொட்டு.

துருப்பிடித்த கத்திக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? காருக்கு மட்டும் வைக்கிறோம்.

எனவே வருகிற ஆயுத பூசைக்கு முதல் நாள், ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்கி, கோயிலை வலம் வருவதுபோல் உங்கள் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் டயர். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை. ஒரு டன் எடையுள்ள காரும், உள்ளே இருக்கும் பிள்ளைகளும், பின்னால் ஏற்றிய அரிசி மூட்டையும் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் போகிறார்கள். டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, மழைநீர் வெளியேறும் வாய்க்கால்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் பிதுங்கி வெளியே போகும், ரப்பர் சாலையைப் பிடிக்கும். பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. வேகமாகப் போகும்போது டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். நம் ஊர் மாலை மழையில், பாசிர் கூடாங் சாலையில், இந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும்.

பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இடையிடையே சிறு ரப்பர்த் திட்டு தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. நம் மழைக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. அடுத்து, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் தயாரித்தது என்று பொருள். ரப்பருக்கும் வயது உண்டு. ஓடாமல் வாசலில் வெயிலில் நின்றாலும் வயதாகும். ஐந்து வருடம் தாண்டிய டயரைக் கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள். மலிவாக வருகிறதே என்று பழைய டயர் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

காற்று எவ்வளவு? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் எழுதியிருக்கிறது. ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, ஏழு பேரும் மூட்டையும் என்றால் வேறோர் அளவு. காலையில் வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன் பார்ப்பதே சரி. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறி உடையும் அல்லவா? அதே கதைதான். "வெயில்ல டயர் வெடிச்சிருச்சு" என்பார்கள். வெடித்ததற்கு வெயிலும் ஒரு காரணம். பெரிய காரணம், இரண்டு மாதமாக யாரும் காற்று பார்க்காதது.

கடைசியாக, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். குருக்களுக்குத் தற்செயலாகத் தெரிந்ததை நீங்கள் தெரிந்தே பாருங்கள்.

அடுத்து பிரேக். பிரேக் கட்டை தேயும்போது "கீச்" என்று ஒரு சத்தம் வரும். பல கார்களில் அதற்காகவே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். கட்டை தேய்ந்ததும் அது வட்டில் உரசிக் கத்தும். அது எச்சரிக்கை. அப்போது வந்தால் கட்டை மாற்றும் செலவோடு போகும். வானொலிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு ஓட்டினால், சில வாரத்தில் "கர்ர்" என்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வரும். அப்போது வட்டும் போய்விட்டிருக்கும், செலவு பல மடங்கு. வாரத்துக்கு ஒருநாள் வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, மதில் ஓரமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் மதிலில் பட்டு உங்கள் காதுக்கே திரும்பி வரும். இது குளுவாங்கில் என் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, சொல்லிக்கொடுத்த வித்தை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வண்டி வாசலில் நுழையும்போதே நோயைச் சொல்லிவிடுவார்.

பிரேக் எண்ணெயைப் பற்றி அக்காமாருக்குச் சொன்னால் சட்டென்று புரியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? உப்பு நீர்விடும். பிரேக் எண்ணெய்க்கும் அதே குணம், காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். ஜொகூர் பெரும்பாலும் சமதளம், நமக்கு இது தெரிவதில்லை. பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய், இறங்கும்போது வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறோம் பாருங்கள், அங்கேதான் தெரியும். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி விழுந்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுங்கள். மலை இறங்கும்போது கியரைக் குறைத்து, வண்டியை இன்ஜினே பிடிக்கும்படி விடுங்கள். ஆட்டோ கியர் காரிலும் அதற்கு வழி இருக்கிறது. எந்த எழுத்தில் வைக்க வேண்டும் என்று வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும். கையேடு எங்கே? டேஷ்போர்டு அறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும்.

இன்ஜினுக்கு வருவோம். நம் ஊருக்கென்று ஒரு நோய் உண்டு: கடற்பால நெரிசல். அதில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் கிலோமீட்டர் கணக்கில் நான்கோ ஐந்தோதான் கூடியிருக்கும். ஆனால் இன்ஜின் இரண்டு மணி நேரமும் வேலை செய்திருக்கிறது, அதுவும் காற்றோட்டம் இல்லாமல், ஏர்கானைச் சுமந்துகொண்டு. "பத்தாயிரம் ஓடியதும் எண்ணெய் மாற்றினால் போதும்" என்று கணக்குப் பார்க்கிற பாலத்துப் பயணிகளுக்குச் சொல்கிறேன், மீட்டருக்குத் தெரிந்த கணக்கு வேறு, இன்ஜின் உழைத்த கணக்கு வேறு. இப்படி ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே மாற்றச் சொல்லிப் பல கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டாதீர்கள். அதற்கான குளிர்நீர்மம் தண்ணீரைவிடத் தாமதமாகக் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்காது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். வெந்த கையோடு பட்டறைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது? தோட்டத்துக் கடையில் நம் வீட்டுக் கடனை எழுதிய 555 புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கைக்கு அடக்கமான சின்னப் புத்தகம். சம்பளத்தன்று அதைப் பார்த்தே கணக்குத் தீர்ப்பார்கள். ஒன்று வாங்கிக் காரில் போடுங்கள். தேதி, மீட்டர் அளவு, என்ன மாற்றினோம், எவ்வளவு வெள்ளி, அடுத்து எப்போது. நாலு வரி போதும். வண்டிக்கு நாம் வைத்திருக்கும் கடன் என்ன என்பது அதில் தெரியும். ஒரு நன்மையும் உண்டு. 555 புத்தகத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் எந்தப் பட்டறைக்காரரும் கதை சொல்ல மாட்டார். இது அனுபவம்.

மழைக்காலம் வருகிறது, வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 டிசம்பரில் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் யோங் பெங்கிலும் பத்து பகாட்டிலும் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. தண்ணீரில் நின்ற காரைக் கண்டதும் நம் கை தானாகச் சாவிக்குத்தான் போகும். வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய இன்ஜின் அந்த ஒரு திருகலில் போய்விடும். பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்காது. சிறப்பு இடர்க் காப்பு என்று தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும். புதுப்பிக்கும்போது முகவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

வண்டியைப் பற்றிப் போதும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம்.

பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி முதல் தேதி வந்தது. குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயம். ஆனாலும் நம் வீடுகளில், "பாட்டி மடியில் இருக்கட்டும், அழமாட்டான்" என்கிறோம். கணக்குச் சொல்கிறேன். பத்துக் கிலோ குழந்தை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதிக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தை பாட்டியின் கையில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். பாட்டிக்குப் பாசம் எவ்வளவும் இருக்கலாம், நூறு கிலோ மூட்டையை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதென்றால், நான்கு மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மாடியில் கம்பி இல்லாத ஜன்னல் ஓரத்தில் பேரனை உட்கார வைப்போமா?

வெயிலில் நிறுத்திய காரில் பிள்ளையை மறந்து விட்டுவிட்டு இறங்கிப் போன பெற்றோரின் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அவர்களைத் திட்டுவது எளிது. தூக்கம் கெட்ட, வழக்கமான பாதை மாறிய ஒரு காலையில் நல்ல அம்மா அப்பாவுக்கும் அது நேரும். மூடிய காருக்குள் வெப்பம் பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய பத்து டிகிரி ஏறிவிடும். ஒரு பழக்கம் செய்யுங்கள். பிள்ளை பின்னால் இருக்கும் நாளில் கைப்பையையும் பின்னாலேயே வையுங்கள். பையில்லாமல் யாரும் வேலையிடத்துக்குள் நுழைய முடியாது. "கடைக்குள்ள ரெண்டு நிமிஷம்தான்" என்று இறங்குவதையும் விட்டுவிடுங்கள்.

குடும்ப வாகனம் என்றால் கார் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த மண்டபத்தின் வெளியே கார்களைவிட மோட்டார்கள் அதிகம் நிற்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் மோட்டாரில்தான் போகிறார்கள். 2019-இல் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். பத்துப் பேரில் ஆறுக்கும் அதிகமானோர் மோட்டாரில் போனவர்கள். தலைக்கவசச் சட்டம் 1973-இல் வந்தது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. அந்த விளக்கு நமக்குப் பாதை தெரிவதற்காக அல்ல, லாரிக்காரருக்கு நாம் தெரிவதற்காக. அதே காரணத்துக்காகப் பின்விளக்கையும் பாருங்கள். ஓட்டுபவருக்கு அது தெரியாது, ஆகவே மாதக்கணக்கில் எரியாமலே போய்க்கொண்டிருப்பார். வீட்டில் ஒருவர் பின்னால் நின்று, "எரியுது, போ" என்று சொல்லி அனுப்பினால் போதும்.

தமிழ்ப்பள்ளி வாசலில் காலையில் நின்று பாருங்கள். அப்பா தலையில் கவசம் இருக்கும், பிள்ளை தலையில் பள்ளிக்கூட ரிப்பன் இருக்கும். கவசம் இருந்தாலும் பட்டை போடாமல் தொங்கும். பட்டை போடாத கவசம் விழும்போது உங்களுக்கு முன்னால் அது மட்டும் தனியாகப் போய்விடும்.

சைக்கிளையும் விட்டுவிடக் கூடாது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் நள்ளிரவுக்குப் பின் கூட்டமாகப் போன பிள்ளைகளில் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். அந்த வழக்கை நீதிமன்றம் பார்த்தது, நான் அதற்குள் போகவில்லை. அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். பட்டறைக்குப் பக்கத்துப் பிள்ளைகள் யார் வந்து, "அங்கிள், பிரேக்கைக் கழற்றிக் கொடுங்க" என்று கேட்டாலும் கொடுத்ததில்லை. மாட்டிக் கொடுப்பதற்குக் காசு வாங்கியதும் இல்லை.

இவ்வளவு பேசுகிறேனே, நான் ஒழுங்கா? சொல்லியே ஆக வேண்டும். 1996 தீபாவளிக்கு முந்தின இரவு. என் பழைய சாகா காரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கோலாலம்பூரில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினேன். நாள் முழுக்க மற்றவர்கள் வண்டியைத் தயார் செய்து கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்குத்தான் புறப்பட முடிந்தது. யோங் பெங் தாண்டியதும் முன்பக்கம் "டப்" என்றது, புகை மூடியது. ரேடியேட்டர்க் குழாய் வெடித்துவிட்டது. அவசரத் தடத்தில் ஒதுக்கினேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கார் தொட்டில் மாதிரி ஆடியது. சின்னவள் என் மனைவியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லோரையும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்மேட்டில் ஏற்றி, இருட்டில் நின்றோம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் காருக்குள் உட்காரக் கூடாது, தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். அன்றைக்கு அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன்.

என் வெட்கம் வேறு. அந்தக் குழாய் உப்பியிருந்ததை இரண்டு வாரத்துக்கு முன்பே பார்த்தேன். கையால் அழுத்திக்கூடப் பார்த்தேன். "நாளைக்கு மாத்திடலாம்" என்றேன். என் பட்டறை அலமாரியிலேயே புதுக் குழாய் இருந்தது. விலை பதினெட்டு வெள்ளி. பெரியவன் அந்தப் புல்மேட்டில் நின்று கேட்டான்: "அப்பா, நீங்க மெக்கானிக்தானே?"

அன்றிரவு இன்னொரு தப்பும் செய்திருந்தேன், பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவு ஓட்டக் கிளம்பியது. நூற்றுப் பத்தில் போகும்போது மூன்று வினாடி கண் அசந்தால் தொண்ணூறு மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் வண்டி ஓடியிருக்கும். மாச்சாப்பிலும் பாகோவிலும் ஓய்விடம் கட்டி வைத்திருப்பது நாசி லெமாக்குக்கு மட்டுமல்ல. இருபது நிமிடம் தூங்கிவிட்டுப் போனால் மாமியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறியாமையால் நேரும் பழுது குறைவு. பார்த்துவிட்டு "நாளைக்கு" என்று சொன்னதால் நேரும் பழுதே அதிகம். முப்பத்திரண்டு வருடத்தில் என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் பலரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ரெண்டு வாரமா சத்தம் வந்துச்சு அண்ணே."

ஆகவே ஒரு வேண்டுகோள். வருடத்தில் இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, சாலை வரி புதுப்பிக்கும் நாள். காகிதத்தைப் புதுப்பிக்கும் அன்றைக்கே வண்டியையும் ஒரு நம்பகமான பட்டறையில் ஏற்றி, சக்கரம் கழற்றி, பிரேக் முதல் அடிப்பாகம் வரை பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவைச் சாலை வரியில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆயுத பூசைக்கு முதல் நாள். அன்றைக்குப் பட்டறை வேண்டாம். குடும்பமே சுற்றி வரட்டும். ஒருவர் விளக்கு எரிகிறதா என்று சொல்லட்டும். பெண் பிள்ளையும் காற்று பார்க்கக் கற்கட்டும், டயர் மாற்றக் கற்கட்டும். பாட்டி உட்காரும் இடத்தில் பெல்ட் மாட்டுகிறதா என்று பேரன் பார்க்கட்டும்.

மறுநாள் பூசையில் குருக்களிடம் ஓர் அனுமதி கேளுங்கள். மந்திரம் அவர் சொல்லட்டும், எலுமிச்சம்பழத்தை நீங்கள் வையுங்கள். நான்கு டயருக்கும் நீங்களே குனியுங்கள். முதலில் ஸ்டியரிங்கை ஒடித்து வையுங்கள்.